ஆறாவது வீடியோ

ஜன்னல் திரை மறுபடியும் விலகிக்கொண்டது. வெயில் ஒரு பட்டையாக உள்ளே புகுந்து நேரே வெள்ளைத் திரையில் விழ, குற்றாலிங்கம் காட்டிக்கொண்டிருந்த படம் வெளிறிப்போய் ஒன்றுமே இல்லாமல் ஆயிற்று. என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் மேகம் வந்து வெயிலை மறைக்க, படம் திரும்பவும் பளிச்சென்று வந்து நின்றது. ஆராய்ச்சியின் தலைப்பு என்னவோ மாறும் வெளிச்சத்தில் கண்காணிப்பு வீடியோவில் அசையும் பொருட்களைக் கண்டுபிடிப்பது. ஒரு அறையின் வெளிச்சத்தை அடக்கத் துப்பில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிக்கட்டும், சிரிக்கிற வயசு, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த பையன்கள், இவன் பாதி ஆயுளைக் கொட்டிச் செய்ததை லேப்டாப்பில் ஒரு சாயங்காலத்தில் செய்துவிடுகிறார்கள், கேட்டால் இப்பல்லாம் மெஷினே தானாப் படிச்சுக்கிடும் சார் என்கிறார்கள், அதுவும் எவ்வளவு மரியாதையாக. தலை நரைத்த ஒருத்தன் கோட்டுப் போட்டுக்கொண்டு மாணவனாக நிற்பதைப் போலக் கேவலம் வேறு உண்டா. கோட்டும் இரவல், கக்கத்தில் பிடிக்கிறது. ஆனால் நின்றுதான் ஆகவேண்டும். டாக்டர் பட்டம் இல்லாதவர்கள் இந்த ஆடி மாசத்தோடு கிளம்பலாம் என்று கல்லூரி நிர்வாகம் சுற்றறிக்கை விட்டாகிவிட்டது. முன்வரிசையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிற வெளித்தேர்வாளர், கோயம்புத்தூர்ப் பேராசிரியர் அரங்கநாதன், தலையை ஆட்டினால் இவன் டாக்டர் குற்றாலிங்கம். ஆட்டாவிட்டால் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டவேண்டியதுதான்.

வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு மனசு தேவையில்லை, கண்ணாடி முன்னால் நின்று நின்று மனப்பாடமாகிவிட்டது. மனசு வேறெங்கோ கணக்குப் பார்த்தது. இலை வந்துவிட்டதா, தேர்வாளருக்கு வெந்நீர் சொல்லியிருந்தோமே வைத்தார்களா, சளி பிடித்திருக்கிறது அவருக்கு, காலையில் ரயிலிலிருந்து இறக்கி நேரே ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனது தப்போ. வைவா, வாய்மொழித் தேர்வு என்று பேர்தானே ஒழிய இது கல்யாண வீடு. மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கிற மாதிரி தேர்வாளரைக் கவனிக்கவேண்டும், அருவியில் குளிப்பாட்டி, காசிவிசுவநாதருக்கு அர்ச்சனை பண்ணி, சால்வை வாங்கி, இலை போட்டு. இதையெல்லாம் அவனுடைய கைடு டாக்டர் தளவாய் ஒரு சட்டமாகவே வைத்திருந்தார். தளவாய்க்கு உலகம்மாள் செய்கிற முந்திரிக்கொத்து என்றால் உயிர். அது இல்லாமல் வைவாவா என்று போன வாரம் போனில் சிரித்தார். உலகம்மாள் என்றால் குற்றாலிங்கத்தின் மனைவி, அவனுக்கு உலகு. இரண்டு நாளாக அடுப்படியை விட்டு நகராமல் பயறு வறுத்து, பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து, டப்பாக்களில் அடைத்து, நீல ரெக்ஸின் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது பக்கத்து அறையில் தட்டு கழுவிக்கொண்டிருப்பாள். அங்கேயே இருக்கட்டும். இந்த அறைக்குள் அவள் வரவேண்டிய வேலை இல்லை, அதற்குத்தான் அட்டெண்டர் இருளப்பனிடம் காப்பித் தட்டை நீயே கொண்டுவா என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தான். வேண்டாத வீடியோவையும் ஸ்லைடிலிருந்து எடுத்துவிட்டான். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தான்.

சங்கதி ரொம்ப எளிது என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கேமரா அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆளில்லாத முற்றம் எப்படி இருக்கும் என்று இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்கிறது, அதற்குப் பேர் பின்னணி. அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு படத்தையும் அந்தப் பின்னணியோடு ஒத்துப்பார்க்கிறது. ஒத்துப்போனால் கறுப்பு. ஒத்துப்போகாவிட்டால் வெள்ளை, அதாவது அங்கே ஏதோ அசைகிறது. நல்ல வெயிலில் இது ஒழுங்காக நடக்கும். மேகம் வந்ததோ போச்சு, முற்றம் முழுக்க நிறம் மாறும், முழுத் திரையும் வெள்ளையாகும், திருடனே இல்லாத வீட்டில் ஊரே புகுந்துவிட்ட மாதிரி அலாரம் அடிக்கும். அதனால் இயந்திரத்தை வேகமாகக் கற்கச் செய்யவேண்டும். வெளிச்சம் மாறினால் இதுவும் சகஜம்தான் என்று சட்டென்று பழகிக்கொள்ள வேண்டும். பழகிக்கொள்வதில் ஒரு சங்கடம் உண்டு, அதை மட்டும் அவன் எப்போதும் மெல்லிய குரலில்தான் சொல்வான். அசையாமல் நிற்கிற ஆளையும் அது சட்டென்று பழகிக்கொள்ளும். நின்றவன் சுவராகிவிடுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், இங்கே சோறே அதைச் செய்துவிடும். அது குறையா குணமா என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது என்று தளவாய் அடிக்கடி சொல்வார். கேட்கிற ஆள் இப்போது கைக்குட்டையில் தும்மினார்.

சோதனைக்கு வீடியோ வேண்டுமே. பெரிய ஊர்க்காரர்களுக்கு ஆய்வுக்கூடம், ஆள், அம்பு எல்லாம் உண்டு. இவனுக்குத் தென்காசி மேலகரத்தில் ஒரு மாடி வீடு இருந்தது, மாடியில் கைப்பிடிச் சுவர், சுவரில் ஒரு கேமரா, கீழே முற்றம், துவைகல், வாசற்படி, கேட்டு, அவ்வளவுதான். அசையும் பொருள் உலகு. பேசாம எப்பவும் போல நடந்துக்கிட்டிரு, மேலே பார்க்காதே என்பான். அவளும் நடந்தாள். கேட்டு வரைக்கும் போவாள், திரும்பி வருவாள், துணி காயப்போடுவாள், எடுப்பாள், காயாத துணியைக்கூட எடுத்து மறுபடியும் போடுவாள். எத்தனை ஆடி, எத்தனை ஆனி. சாரல் காலத்து வெளிச்சம் இருக்கிறதே, அது ஒரு நிலையில் நிற்காது, வெயிலடிக்கும்போதே தூறும், தூறும்போதே வெயிலடிக்கும், மலையிலிருந்து மேகம் இறங்கி முற்றத்தைத் தாண்டிப் போகும், அந்த வெளிச்சத்துக்கு உலகத்தில் வேறெங்கே போவது என்று அப்போதெல்லாம் மார்தட்டிக்கொள்வான். அவள் அவனுக்கு வெள்ளை உருவமாகத்தான் மனசில் நிற்கிறாள், சேலையின் நிறம்கூட ஞாபகமில்லை, உருவத்தின் ஓரம் சுத்தமாக விழுந்ததா, நிழல் சேர்ந்து விழுந்துவிட்டதா, அதுதான். இரவு சாப்பிடும்போது இன்னைக்கு எப்படி விழுந்தேன் என்று கேட்பாள். நல்லா விழுந்தே என்பான். கல்யாணமான புதிதில் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

அவளுடைய அப்பாவும் அந்த முற்றத்தில் விழுந்திருக்கிறார். ஆவுடையப்பன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கரன்கோவிலிலிருந்து பொங்கல் சீராகப் பொங்கப்படி கொண்டுவருவார், தீபாவளிக்கு வருவார், ஒன்றுமில்லாவிட்டாலும் மகளைப் பார்க்க வருவார். வந்தால் முற்றத்தின் நடுவில் நின்று மாடியைப் பார்த்துக் கையை ஆட்டி, மாப்பிள, நான் தெரியுதேனா என்பார். அவன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினான், பெரிய வெள்ளைக் கை ஆடுகிறது, அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆடாம நின்னா தெரியமாட்டீங்க மாமா என்று இவன் ஆராய்ச்சியை விளக்கினான். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப செத்தா தெரியமாட்டேன்னு சொல்லுங்க." உலகு உள்ளேயிருந்து, நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு அது என்று சத்தம் போட்டாள். அந்தச் சிரிப்பு ஏன் இப்போது காதுக்குள் கேட்கிறது, பேசுகிற வாக்கியம் பாதியில் நிற்கிறது, எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், நிழல், ஆமாம் நிழல். குற்றாலிங்கம் தண்ணீர் குடித்துவிட்டு நிழலைப் பற்றித் தொடர்ந்தான்.

ஜன்னல் திரை மறுபடியும் விலகியது. தளவாய் பல்லைக் கடித்துக்கொண்டு, இருளப்பா, அதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு நில்லு என்றார். இருளப்பன் கையிலிருந்த காப்பித் தட்டை வாசலுக்கு வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடிவந்து, இரண்டு கையாலும் திரையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றான். படம் தெளிவாக விழுந்தது. அதே சமயம் பின்கதவு திறந்து, அந்தத் தட்டோடு உலகு உள்ளே வந்தாள். தேர்வாளருக்கு முதலில் கொடுத்தாள், தளவாய்க்குக் கொடுத்தாள், வரிசையாகக் கொடுத்துக்கொண்டு பின்னால் போனாள், ஒரு தம்ளர் சத்தமில்லை. போய்விடுவாள் என்று பார்த்தான். போகவில்லை. கடைசி வரிசையில் கதவோரமாகக் கிடந்த பச்சைப் பிளாஸ்டிக் நாற்காலியில், காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் டாக்டர் ஆவதைப் பார்க்க ஆசை இருக்காதா. இத்தனை வருஷமாக முற்றத்தில் நடந்தவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு, பரவாயில்லை, ஆறாவது வீடியோதான் ஸ்லைடில் இல்லையே என்றது. அந்த நேரம் பார்த்துத்தான் அரங்கநாதன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஆய்வேட்டைப் புரட்டினார். வீட்டு முற்றத்துல ஓர் அம்மா நடந்து வந்து படியில உக்காருவாங்களே, அந்த வீடியோவைக் காணோமுங்களே, அதுதான் உங்க தீசிஸ்லயே நல்ல முடிவு என்றார். குற்றாலிங்கம் நேரம் போதாது என்று எடுத்துவிட்டதாக ஏதோ முனகினான். "குத்தாலம், அந்த ஆறாவது வீடியோவைப் போடுங்க" என்றார் தளவாய். கைடு சொல்லிச் செய்யாமல் இருந்து இவனுக்குப் பழக்கமில்லை. லேப்டாப்பில் தேடுவது போல் கொஞ்ச நேரம் தடவினான். எங்கே இருக்கிறது என்று கை அறியும். போட்டான்.

இடது பக்கம் முற்றம், வலது பக்கம் கறுப்புத் திரை. முற்றத்தில் வெயில். மலைப்பக்கமிருந்து மேக நிழல் கேட்டைத் தாண்டி உள்ளே வருகிறது, வலது பக்கம் ஒரு நொடி பொங்கி வெளுத்து உடனே அடங்கிக் கறுக்கிறது, பார்த்தீங்களா என்று தளவாய் தேர்வாளரின் பக்கம் சாய்ந்தார். இப்போது உலகு வருவாள். வந்தாள். வெளியூர் போகிற சேலை, கொசுவம் பிசகாமல் கட்டியிருக்கிறாள், கையில் நீலப் பை. கேட்டு வரைக்கும் நடந்தாள், நின்றாள், திரும்பினாள். அன்று காலை சங்கரன்கோவிலிலிருந்து அவளுடைய அம்மா போன் பண்ணியிருந்தாள். உலகு மாடிப்படி ஏறி வந்தே சொன்னாள், "என்னங்க, அப்பாவுக்கு மூச்சு வாங்குதாம், ஆஸ்பத்திரியில சேத்துருக்காவளாம். நான் முன்னால பஸ்ஸுல போறேன், நீங்க பொறவு வாங்க." அவன் அப்போது கேமராவைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் சாரல் பொய்த்துப்போய் ஒரே மூட்டமாகவே கிடந்தது, வெயிலும் மேகமும் மாறி மாறி வந்த முதல் நாள் அது, மறுநாள் இப்படி இருக்கும் என்று என்ன நிச்சயம், அவளை விட்டால் நடக்க ஆளேது, மாமாவுக்கு மூச்சு வாங்குவது முன்னாலும் வந்து போன சமாசாரம்தானே. தலையைத் திருப்பாமலே சொன்னான், "இன்னைக்கு வெளிச்சம் நல்லா இருக்கு உலகு. சாயந்தரம் ரெண்டு பேருமாப் போவோம்." சண்டை போட்டிருந்தால், ஒரு பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால் போகவிட்டிருப்பான், நிச்சயமாகப் போகவிட்டிருப்பான், அவள் பேசாமல் இறங்கிப்போய் நடந்தாள், அதற்கு இவன் என்ன செய்ய முடியும், என்று அவன் தனக்குள் எத்தனையோ தடவை வாதாடி ஜெயித்திருக்கிறான்.

திரையில் அவள் படியில் உட்கார்ந்தாள். பையைப் பக்கத்தில் வைத்தாள். இதோ, இதுதான் இடம். வலது பக்கத்து வெள்ளை உருவத்தில் நடுவயிற்றில் முதலில் ஓர் ஓட்டை விழுந்தது. அது பெரிதாகி நெஞ்சு போனது, தோள் போனது, முகம் போனது, கடைசியில் ஓரம் மட்டும் கொஞ்ச நேரம் கோடாக நின்று அதுவும் போனது. பை அதற்கு முன்னாலேயே போய்விட்டது. இடது பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வலது பக்கத்தில் யாருமில்லை. அன்றைக்கு மாடியிலிருந்து இதைப் பார்த்துவிட்டு அவன் சந்தோஷப்பட்டான், ஆமாம் சந்தோஷம்தான் பட்டான், அதற்கு வேறு பேர் வைத்து என்ன, நகர்ந்து வந்து நிலைத்துப்போன பொருள் என்று ஓர் அத்தியாயத்துக்கே வழி கிடைத்துவிட்டது, எழுந்திருக்காதே உலகு, அப்படியே இரு என்று கீழே பார்த்துச் சத்தம்கூடக் கொடுத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் வீட்டைப் பூட்டும்போது போன் வந்தது. ஆவுடையப்பனின் முகத்தை அவள் நடுவீட்டில் விளக்கு எரிகிற வெளிச்சத்தில்தான் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அவனை ஒன்றும் கேட்கவில்லை, சொல்லிக்காட்டவில்லை, ஒரே ஒரு நாள், காரியமெல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு, துணி மடித்துக்கொண்டே, அன்னைக்கு எடுத்தீங்களே அது என்னாச்சு என்று கேட்டாள். சரியா விழல, அழிச்சிட்டேன் என்றான். ஏன் அப்படிச் சொன்னான். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தானா, தனக்கா. அழிச்சாச்சா என்று திருப்பிக் கேட்டுவிட்டு அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

பின்வரிசையைப் பார்க்கக்கூடாது என்று இருந்தான். பார்த்தான். இருட்டில் முகம் தெரியவில்லை, மடியில் தட்டு மட்டும் லேசாக மினுங்கியது, தட்டு ஆடவில்லை. அவள் எதைப் பார்ப்பாள், இடது பக்கமா வலது பக்கமா. சேலை அவளுக்குத் தெரியும். பை தெரியும், அப்பா வாங்கிக்கொடுத்த பை, இன்றைக்கு அதில்தானே முந்திரிக்கொத்து வந்தது. சரியா விழல என்று சொன்னாயே என்று கேட்பாளா. என்னென்னவோ பதில் மனசில் ஓடியது, வேறு ஒரு நாள் எடுத்தது, நீ மறந்துட்டே, கைடு கட்டாயப்படுத்தினார், உனக்கு எதுக்குக் கஷ்டம் என்றுதான், ஒவ்வொன்றும் வாய் வரைக்கும் வந்து புளித்தது. எரிச்சலாகவும் இருந்தது. யாருக்காக இந்தப் பாடு, இந்த வேலை போனால் நடுத்தெருவில் நிற்கப்போவது இரண்டு பேரும்தானே, அவள் என்ன தனியாகவா. பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லாச் செலவும் இவன்தானே செய்தான். நினைத்த மாத்திரத்தில் நாக்கில் கசந்தது. வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது, இவ்வளவு நீளமாகவா எடுத்தோம் என்று இருந்தது.

"ஒரு நிமிஷமுங்க" என்றார் அரங்கநாதன். எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார், அவர் நிழல் முற்றத்தின் மேல் விழுந்தது. வலது பக்கக் கறுப்பில், ஆள் கரைந்துபோன இடத்தில், விரலை வைத்தார். "இங்க அப்பப்ப ரெண்டு மூணு வெள்ளைப் புள்ளி வந்து வந்து போகுதே, அது என்னங்க?" குற்றாலிங்கத்துக்கு அந்தப் புள்ளிகளைத் தெரியும், உடம்பில் உள்ள மச்சங்களைவிட நன்றாகத் தெரியும், அவற்றோடு மல்லுக்கட்டிய மாதங்கள் எத்தனை. இடது பக்கத்தில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், முந்தானை நுனியைப் பிடித்த கை மடியிலிருந்து முகத்துக்குப் போகிறது, திரும்பி மடிக்கு வருகிறது. உடம்பு முழுக்கச் சுவராகிவிட்ட பிறகும் அந்தக் கை மட்டும் ஆகவில்லை. முந்தானை முகத்துக்குப் போகும்போதெல்லாம் புள்ளி. அவள் அத்தனை தடவை துடைத்திருக்கிறாள். முடிவுகளின் அட்டவணையில் அந்தப் புள்ளிகள் தப்புக் கணக்கில் சேர்ந்து மதிப்பெண்ணைக் குறைத்தன. அதற்காகவே ஒரு சல்லடை எழுதினான், சின்னப் புள்ளிகளை எல்லாம் அரித்து எறிகிற சல்லடை, தீசிஸில் ஐந்தாவது அத்தியாயம் முழுக்க அதுதான், தளவாய் தோளில் தட்டிக்கொடுத்தார். பாடுபட்டுக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தவன், அது கை என்று தெரியாமலா எழுதினான். கை என்றே இப்போது சொல்லலாம். அது கை சார், அந்த அம்மா அழுதுக்கிட்டு இருக்காங்க. சொன்னால் என்ன ஆகும், அரங்கநாதன் கெட்டவரில்லை, அப்படியா என்று மூக்கை உறிஞ்சுவார், அப்படீன்னா நீங்க அரிச்சு எறியறது ஆளோட கையைங்களா, ஐந்தாவது அத்தியாயம் தப்பாச்சுங்களே, திருத்தி மறுபடியும் கொடுங்க என்பார். மறுபடியும் என்றால் ஆடி போய்விடும். ஆடியோடு வேலையும்.

"அது இரைச்சல் சார்" என்றான் குற்றாலிங்கம். குரல் நன்றாகவே வந்தது. "வெளிச்சம் மாறும்போது படத்துல வர்ற பிசிறு. அடுத்த அத்தியாயத்துல அதை முழுக்க எடுத்துட்டோம்." சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே, சல்லடை போட்ட பிறகு வந்த வீடியோவையும் போட்டுக் காட்டினான். அதே முற்றம், அதே வெயில், மேகம் வருகிறது போகிறது, அவள் கரைந்த பிறகு வலது பக்கம் சுத்தமான கறுப்பு, ஒரு பொட்டு வெள்ளை இல்லை. ரொம்ப சுத்தமா வந்திருக்குதுங்க என்று அரங்கநாதன் திரும்பிவந்து உட்கார்ந்தார். கடைசியில் திரையில் அவள் எழுந்தாள், பையை எடுத்தாள், வீட்டுக்குள் போனாள். போன பிறகு காலிப் படியில், யாருமே இல்லாத இடத்தில், உட்கார்ந்த மாதிரி ஒரு வெள்ளை உருவம் வந்து நின்றது. ஆளைச் சேர்த்துப் பின்னணி என்று கற்றுக்கொண்ட இயந்திரத்துக்கு ஆளில்லாத படிதான் இப்போது புதுசு. இந்தத் துறையில் அதற்குப் பேய் என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அதுவும் போகப்போக மறைஞ்சிடும் சார் என்று குற்றாலிங்கம் விளக்கினான்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அரங்கநாதன் எழுந்து அறிக்கை வாசித்தார், பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்றார், கைதட்டினார்கள், பின்வரிசைப் பையன்கள்தான் அதிகமாகத் தட்டினார்கள், டாக்டர் குற்றாலிங்கம் என்று தளவாய் முதல் ஆளாகக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தார். சால்வை வந்தது. இத்தனை வருஷம் இந்த நிமிஷத்தை எப்படியெல்லாமோ நினைத்துப் பார்த்திருக்கிறான், நெஞ்சில் ஏதோ பொங்கும் என்று, கக்கத்தில் கோட்டுப் பிடிப்பதுதான் தெரிந்தது. இருளப்பனுக்கு விடுதலை, திரையை விட்டுவிட்டான், அறை முழுக்க வெளிச்சம் வந்தது. வீட்டம்மாவைக் கூப்பிடுங்க, ஒரு போட்டோ எடுத்துருவோம் என்றார் தளவாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரத்தில் பச்சை நாற்காலி காலியாக இருந்தது, தட்டு அதன் மேல் இருந்தது. இவ்வளவு நேரம் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை, காலி நாற்காலி எல்லாருக்கும் தெரிந்தது. பக்கத்து ரூமுல இருப்பாங்க என்று குற்றாலிங்கம் சிரித்துக்கொண்டே சொன்னான். போட்டோக்காரன் அவனைக் கொஞ்சம் நடுவில் தள்ளி நிற்கச் சொல்லி, அவன் ஒருவனை மட்டும் வைத்து எடுத்துக்கொண்டான்.

சாப்பாட்டு அறைக்குப் போகிற வழியில் இருளப்பன் வந்து பக்கத்தில் நடந்தான். அக்கா கெளம்பிட்டாவ சார் என்றான். இலையெல்லாம் போட்டுவிட்டு, முந்திரிக்கொத்தை எடுத்து வைத்துவிட்டு, டப்பாக்களை அவனிடமே கொடுத்துவிட்டு, வெறும் பையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். எதிர்த்தாப்பில சங்கரன்கோவில் பஸ்ஸுக்கு நிக்காவ, அவங்க அம்மா வீட்டுக்காம். பொறவு எப்ப வருவீயன்னு கேட்டேன், அதுக்குப் பதில் சொல்லல சார். சொல்லலாமா என்று யோசித்தவன் போல இருந்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாவ. இன்னைக்கு வெளிச்சம் நல்லா இருக்காம், அதான் இப்பமே போறேன்னு சொல்லச் சொன்னாவ." சொல்லிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தான். வானம் இருட்டிக்கொண்டு வந்து தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நல்லாத்தான் இருக்காவளா சார் என்று கேட்டான்.

வராந்தாவிலிருந்து பார்த்தால் கேட்டு தெரியும், கேட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தம் தெரியும். தெரிந்தது. அவள்தான், தூணோரமாக நிற்கிறாள், கக்கத்தில் நீலம். மேக நிழல் ரோட்டைக் கடந்து அவள் மேலாகப் போனது, அப்புறம் வெயில் வந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். அந்தப் பஸ் எப்போதும் தாமதம்தான். ஓடிப்போய் என்ன சொல்வது, கை என்றா, அது உன் கை என்று எனக்குத் தெரியும் என்றா, எல்லோர் முன்னாலும் இல்லை என்றேனே அதையா. கால் ஓர் அடி எடுத்தும் வைத்தது. பின்னாலிருந்து தளவாய், டாக்டர் குத்தாலம், அரங்கநாதன் சார் காத்துக்கிட்டு இருக்காரு, நீங்க வந்து பக்கத்துல உக்காந்தாத்தான் இலையில கை வைப்பாராம் என்றார். ஆமாம், அதுவும் மரியாதைதான், விருந்தாளியை உட்காரவைத்துவிட்டுக் கேட்டுக்கு ஓடுகிறவன் எவன். அவள் எங்கே போய்விடப் போகிறாள், அம்மா வீட்டுக்குத்தானே, கோபம் ஒரு பொழுது. சாப்பாடு முடியட்டும், சாரை ரயில் ஏற்றிவிட்டு, சாயந்தரம் போவோம், என்று குற்றாலிங்கம் நினைத்தான். உள்ளே போய் அரங்கநாதனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தான். அவர் முதலில் முந்திரிக்கொத்தைத்தான் எடுத்துக் கடித்தார், ரொம்ப நல்லா இருக்குதுங்க, யார் பண்ணினது என்று கேட்டார்.